மேட்டில் லோடு ஏறினால் பி0087, லிம்ப் மோடு: பம்ப் மாற்றுவதற்கு முன் என்னென்ன பார்க்கணும்?

#1 மேட்டுப்பாதை

எல்லாருக்கும் வணக்கம். 2.5 லிட்டர் காமன் ரெயில் டீசல் பிக்கப் வச்சிருக்கேன். சமதரையில ஒரு குறையும் சொல்ல முடியாது. லோடோட மேடு ஏறும்போது மூணாவது கியர்ல ஆக்சிலேட்டரை நல்லா மிதிச்சா, கொஞ்ச நேரத்துல இழுவை செத்துப்போகுது. இன்ஜின் லைட் எரியுது. அப்புறம் லிம்ப் மோடு, அதாவது பாதுகாப்புக்காக இன்ஜின் கம்ப்யூட்டரே பவரை அடக்கிடுது, 2500 ஆர்பிஎம்முக்கு மேல ஏறவே மாட்டேங்குது. ஓரமா நிறுத்தி சாவியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா பழையபடி ஓடும், அடுத்த மேடு வரைக்கும்.

ஸ்கேனர்ல வர்ற கோட் பி0087. டீசல் ஃபில்டர் மாத்தியாச்சு. ரெயில் பிரஷர் சென்சார் புதுசு போட்டாச்சு. எதுவும் மாறல. இப்போ ஒர்க்‌ஷாப்ல "ஹை பிரஷர் பம்ப் போயிடுச்சு, மாத்திடலாம்"னு சொல்றாங்க. பம்ப் சின்னச் செலவு இல்ல. அதை மாத்தியும் சரியாகலைன்னா என்ன பண்றதுன்னு பயமா இருக்கு. தெரிஞ்சவங்க வழி சொல்லுங்க.

#2 நாசில்பெஞ்ச்

பம்பை இப்போதைக்குக் கழற்ற விடாதீங்க. பி0087 சொல்றது ஒரே விஷயம்தான்: இசியூ (இன்ஜினை நடத்துற கம்ப்யூட்டர்) கேட்ட அளவு பிரஷர் ரெயில்ல (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவா டீசலைப் பிரஷரோட தேக்கி வைக்கிற குழாய்) வரல. ஏன் வரலைன்னு அந்தக் கோடுக்குத் தெரியாது. காரணம் பல இடத்துல இருக்கலாம். டேங்க்ல இருந்து பம்ப் வரைக்கும் டீசல் போதுமான அளவு வந்து சேராம இருக்கலாம். வந்தும் மீட்டரிங் வால்வு (பம்புக்குள்ள போற டீசலை அளந்து விடுற வால்வு) திறக்காம இருக்கலாம். பம்பே தேஞ்சிருக்கலாம். பம்ப் நல்லா கொடுத்தும் இன்ஜெக்டர் வழியாவோ ரெயில் முனை வால்வு வழியாவோ ரிட்டர்ன்ல (மிச்ச டீசல் டேங்க்குக்குத் திரும்புற லைன்) ஒழுகிப் போகலாம். இது அத்தனையும் சரியா இருந்து சென்சார் மட்டும் தப்பாச் சொல்லலாம். பம்பை மாத்தினா இதுல ஒண்ணுதான் தீரும்.

முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க. வண்டி நல்லா சூடான பிறகு நிறுத்திட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு செல்ஃப் அடிச்சா உடனே பிடிக்குதா, இழுத்து அடிக்க வேண்டியிருக்கா? இரண்டாவது, மேட்டுல போகும்போது ஸ்கேனர்ல மூணு வரியை ஒண்ணா வச்சுப் பார்க்கணும்: கேட்ட ரெயில் பிரஷர், வந்த ரெயில் பிரஷர், மீட்டரிங் வால்வுக்கு இசியூ கொடுக்கிற கரண்ட். பக்கத்து சீட்ல வேற ஆள் உட்கார்ந்து பார்க்கட்டும். ஓட்டுறவர் ரோட்டைப் பார்க்கட்டும்.

#3 மேட்டுப்பாதை

நன்றி அண்ணே. சூட்டுல ஸ்டார்ட்டிங் அருமை. தொட்டதும் பிடிக்குது. காலையில குளிர்லயும் அப்படித்தான்.

தம்பியைக் கூட வச்சுக்கிட்டு அதே மேட்டுல ஏறினேன். ஐடில்ல: கேட்டது 300 பார் (பிரஷர் அளவு), வந்தது 298ல இருந்து 303, வால்வு கரண்ட் 1350 மில்லிஆம்பியர். மேட்டுல முழு மிதி: கேட்டது 1450, வந்தது முதல்ல 1400 வரைக்கும் போச்சு, அப்புறம் படிப்படியா இறங்கி 980க்கு வந்தது, லைட் எரிஞ்சது. அந்த நேரத்துல கரண்ட் 480ல போய் நின்னுடுச்சு, அதுக்குக் கீழ போகல.

#4 நாசில்பெஞ்ச்

இது நல்ல தகவல். உங்க பம்ப்ல இருக்கிறது கரண்ட் இல்லாதப்போ திறந்திருக்கிற வகை வால்வு. கரண்ட் கூடக் கூட அடைக்கும், குறையக் குறையத் திறக்கும். (வேற சில பம்ப்ல இது தலைகீழ். அதனால யாரும் இந்த எண்ணை அப்படியே தங்கள் வண்டியோட ஒப்பிட வேண்டாம்.) ஐடில்ல 1350 வச்சு அளவா அடைச்சு வச்சிருக்கு. மேட்டுல 480க்கு இறக்கி "முழுசாத் திறந்துட்டேன், கொடு"ன்னு இசியூ கேட்குது. அப்படியும் வரல. ஆக இசியூ தன் வேலையைச் சரியாச் செய்யுது. பற்றாக்குறை அதுக்கு வெளிய இருக்கு.

அடுத்து, சூட்டுல டக்குனு பிடிக்குதுன்னு சொன்னீங்க. இதை லேசா எடுத்துக்காதீங்க. செல்ஃப் சுத்தும்போது பம்ப் மெதுவாத்தான் சுத்தும், கொடுக்கிற டீசலும் கம்மி. ரெயில்ல ஏறத்தாழ 150, 200 பார் ஏறினாத்தான் பெரும்பாலான இசியூ இன்ஜெக்டரைத் திறக்கவே விடும். சூடான டீசல் நீர்த்துப்போய் சின்னச் சந்துலயும் ஒழுகும். இன்ஜெக்டரோ பம்போ உள்ளுக்குள்ள தேஞ்சிருந்தா முதல்ல அடிவாங்கறது சூட்டு ஸ்டார்ட்டிங்தான். உங்களுக்கு அது நல்லா இருக்கு. அதுக்காக இன்ஜெக்டரை முழுசா விடுவிச்சிட முடியாது, ஆனா வரிசையில பின்னாடி தள்ளலாம்.

இன்னொண்ணு கவனிச்சீங்களா? பிரஷர் 1400 வரைக்கும் போய்ட்டுத்தான் இறங்குது. பம்புக்கு அந்த உயரம் எட்டுது. ஆனா தொடர்ந்து நிறையக் கேட்கும்போது தாங்கல. என் கண்ணு இப்போ டேங்க் பக்கம்தான் போகுது.

செய்ய வேண்டியது: ஃபில்டருக்கும் ஹை பிரஷர் பம்புக்கும் நடுவுல உள்ள லோ பிரஷர் லைன்ல டி ஜாயிண்ட் போட்டு 10 பார் கேஜ் ஒண்ணு மாட்டுங்க. உங்க டேங்க்குள்ள எலக்ட்ரிக் பம்ப் இருக்கும்னு நினைக்கிறேன். இந்த மாதிரி அமைப்புல 4 முதல் 6 பார் சாதாரணம், உங்க வண்டிக்கான அளவை சர்வீஸ் மேனுவல்ல பாருங்க. ஐடில்ல மட்டும் பார்த்துட்டு விட்டுடாதீங்க. கேஜை வைப்பர் பக்கம் கண்ணாடிக்கு வெளிய டேப் போட்டு ஒட்டி, அதே லோடு, அதே மேடு ஏறிப் பாருங்க. ஹோஸ் டர்போ, எக்ஸாஸ்ட் பக்கம் போகக் கூடாது. கேபினுக்குள்ள கொண்டு வரவே கூடாது.

#5 செம்மண்காடு

இடையில வர்றதுக்கு மன்னிக்கணும். என்கிட்ட ஒரு பேக்ஹோ (மண் தோண்டுற மெஷின்) இருக்கு. அதுல பி0089, ரெயில் பிரஷரைக் கட்டுப்படுத்துறதுல கோளாறுன்னு சொல்ற கோட். ஐடில்ல நிக்காம ஆடுது, உறுமி உறுமி அடங்குது. ரெயில் பிரஷர் 220க்கும் 420க்கும் நடுவுல ஊசலாடுது. வேலை செய்யும்போது ஆட்டம் குறையுது. மீட்டரிங் வால்வு கப்ளரை (வயர் மாட்டுற சொருகி) கழற்றிப் பார்த்தா தெரிஞ்சிடும்னு ஒருத்தர் சொல்றார். செய்யலாமா?

#6 வயர்வேலை

செம்மண்காடு சார், ஓடும் இன்ஜினில் அந்தக் கப்ளரைக் கழற்ற வேண்டாம். திறந்த நிலை வால்வாக இருந்தால் கரண்ட் போன நொடியில் பம்ப் முழு அளவு டீசலை ரெயிலுக்குத் தள்ளும், பிரஷர் எகிறும், ரிலீஃப் வால்வு திறக்கும். அந்த ரிலீஃப் வால்வு அவசரத்துக்கு வைத்திருப்பது. திறந்து திறந்து அதன் இருக்கை தேய்ந்தால் பிறகு சரியாக மூடாது, நிரந்தரமாக ஒழுகும். இருக்கிற குறையோடு இன்னொரு குறையும் சேர்ந்துவிடும்.

இன்ஜினை நிறுத்தி, கப்ளரைக் கழற்றி, வால்வு காயிலின் ரெசிஸ்டன்ஸ் பாருங்கள். பல வால்வுகளில் 2 முதல் 3 ஓமுக்குள் இருக்கும். சரியான அளவு மேனுவலில் உண்டு. அது சரியாக இருந்தால் காயில் அறுந்துபோகவில்லை என்பது மட்டும்தான் உறுதி. உள்ளே பிஸ்டன் ஒட்டிக்கொண்டு நகர்கிறதா என்பதை ஓம் மீட்டர் சொல்லாது.

அதற்கு கிராஃப் வேண்டும். வால்வு கரண்டையும் ரெயில் பிரஷரையும் ஒரே திரையில் போடுங்கள். கரண்ட் மெதுவாக மாறிக்கொண்டே போக, பிரஷர் அசையாமல் இருந்து பிறகு சட்டென்று தாவினால் வால்வு ஒட்டுகிறது. இசியூ தள்ளித் தள்ளிப் பார்க்கிறது, வால்வு தாமதமாக விடுகிறது, அளவு மீறுகிறது, மறுபடி இழுக்கிறது. அதுதான் உறுமல். வால்வைத் தொடும் முன் காற்றையும் ஒதுக்கிவிடுங்கள். பம்புக்குள் போகும் ஹோஸுக்குப் பதிலாகக் கண்ணாடி போன்ற ஹோஸ் ஒரு துண்டு மாட்டிப் பார்த்தால் குமிழ் வருகிறதா என்று கண்ணாலேயே தெரியும். காற்று கலந்தாலும் பிரஷர் இதேபோல் ஆடும்.

மேட்டுப்பாதை, உங்களிடம் ஒரு கேள்வி. புதிய சென்சார் பழையதன் பார்ட் நம்பர்தானா? கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலான ரெயில் சென்சார்கள் 5 வோல்ட் சப்ளையில், பூஜ்யம் பிரஷரில் 0.5 வோல்ட்டும் உச்ச பிரஷரில் 4.5 வோல்ட்டும் கொடுக்கும். உச்சம் 1800 பார் சென்சாரும் உண்டு, 2000 பார் சென்சாரும் உண்டு. இரண்டும் மரையில் ஒன்றுபோல் ஏறும், கப்ளரும் பொருந்தும். 1800 எதிர்பார்க்கிற இசியூவுக்கு 2000 சென்சாரைப் போட்டால் அது உண்மையில் உள்ளதில் 90 சதவீதத்தைத்தான் காட்டும். திரையில் 1450 வர வேண்டுமானால் ரெயிலில் உண்மையாக 1610 பார் இருக்க வேண்டும். பம்ப் வீணாகப் போராடும்.

இராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் சாவியை மட்டும் ஆன் செய்து ஸ்கேனரில் பாருங்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். 50, 60 பார் காட்டினால் சென்சாரோ அதன் கிரவுண்ட் வயரோ சரியில்லை. ஆனால் தப்பான ரேஞ்ச் சென்சாரை இந்தச் சோதனை பிடிக்காது, ஏனென்றால் பூஜ்யம் இரண்டிலும் 0.5 வோல்ட்தான். அதற்கு நம்பரைப் பார்ப்பது ஒன்றே வழி.

#7 புதுக்கிளட்ச்

இவ்வளவு எதுக்குங்க? இன்ஜினை ஓடவிட்டு ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப் நட்டையும் லேசா லூஸ் பண்ணிப் பார்த்தா எதுல ஃபோர்ஸ் இல்லைன்னு தெரிஞ்சிடுமே. பழைய டீசல் இன்ஜின்ல எல்லாம் அப்படித்தான் பார்ப்போம்.

#8 நாசில்பெஞ்ச்

வேண்டாம். தயவுசெஞ்சு இதை யாரும் செய்யாதீங்க.

பழைய இன்ஜின்ல ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் தனித்தனி பைப்ல, அந்தந்த நேரத்துக்கு மட்டும் பிரஷர் வந்து போகும். காமன் ரெயில்ல ஐடில்லயே 300 பார் எந்நேரமும் நிக்குது, மிதிச்சா 1600க்கு மேல. நட்டைத் தளர்த்தினா வர்ற டீசல் கண்ணுக்கே தெரியாத ஊசி. கையுறையையும் தோலையும் துளைச்சு உள்ள போகும். வெளிய பார்த்தா சின்னப் புள்ளிதான் இருக்கும், முதல்ல வலி கூடப் பெருசா இருக்காது. சில மணி நேரத்துல உள்ள சதை கெட்டுப்போக ஆரம்பிக்கும். அப்படி யாருக்காவது பட்டா, வலி இல்லைன்னு வீட்டுக்குப் போகக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் "அதிக அழுத்த டீசல் உள்ளே போயிருக்கு"ன்னு அந்த வார்த்தையிலயே சொல்லணும். அறுவை சிகிச்சை தேவைப்படுற காயம் அது. விரலையே எடுக்கிற நிலைமை கூட வரலாம்.

ஒழுக்கு தேடினாலும் கையால தடவக் கூடாது, தள்ளி நின்னு நீளமான அட்டையை நீட்டிப் பார்க்கணும். நிறுத்தின பிறகும் ஸ்கேனர்ல ரெயில் பிரஷர் பூஜ்யத்துக்கு இறங்கினதைப் பார்த்துட்டுத்தான் ஸ்பேனரை எடுக்கணும்.

#9 புதுக்கிளட்ச்

சரி அண்ணே, இது எனக்குத் தெரியாது. சொன்னதுக்கு நன்றி. அப்போ எந்த இன்ஜெக்டர்னு எப்படிப் பார்க்கிறது? எங்க மாமா வண்டி காலையில நல்லாப் பிடிக்கும், மதியம் சூட்டுல பத்து, பதினைஞ்சு செகண்ட் செல்ஃப் அடிச்சாத்தான் பிடிக்குது. ஓடினா ஒண்ணும் தெரியல. மேலே சூட்டு ஸ்டார்ட்டிங் பத்திச் சொன்னதைப் படிச்சதும் அதுதானோன்னு தோணுது.

#10 நாசில்பெஞ்ச்

அதுவாத்தான் இருக்கும். செல்ஃப் அடிக்கும்போது ரெயில் பிரஷர் எவ்வளவு ஏறுதுன்னு முதல்ல பாருங்க. 80, 90 பார்லயே திணறி நின்னு, அப்புறம் மெல்ல ஏறிப் பிடிச்சா எங்கியோ ஒழுகுது.

ரிட்டர்ன் சோதனை செய்யுங்க. நிறுத்தின இன்ஜின்ல ஒவ்வொரு இன்ஜெக்டரோட ரிட்டர்ன் ஹோஸையும் கழற்றி, தனித்தனி ஹோஸ் மாட்டி, ஒரே அளவு பாட்டில்ல விடுங்க. இன்ஜெக்டர்ல இருந்து பிரிச்ச பழைய ரிட்டர்ன் லைன் முனையை அடைச்சு வைங்க. இன்ஜின் சூட்டுல, ஐடில்ல சில நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தி பாட்டில்களைப் பக்கத்துல பக்கத்துல வைங்க. நாலும் ஏறத்தாழ ஒண்ணா இருக்கணும். ஒண்ணு மட்டும் மத்ததைவிட இரண்டு மடங்கு நிறைஞ்சிருந்தா அது குற்றவாளி. நாலும் ஒண்ணா இருந்து நாலுமே அதிகமாவும் இருக்கலாம், அதனால மேனுவல் அளவோடவும் ஒப்பிடணும்.

இரண்டு எச்சரிக்கை. பியெசோ வகை (காயிலுக்குப் பதிலா படிகத்தால திறக்கிற) இன்ஜெக்டர்னா இந்த பாட்டில் முறை சரிப்படாது. பல பியெசோ அமைப்புல ரிட்டர்ன் லைன்லயே கொஞ்சம் பிரஷர் நிலைச்சிருக்கணும், பாட்டில்ல திறந்து விட்டா இன்ஜெக்டர் ஒழுங்கா வேலை செய்யாது. அதுக்குத் தனிக் கருவி இருக்கு. இரண்டாவது, ரெயில் முனையில பிரஷர் கண்ட்ரோல் வால்வு இருக்கிற வண்டின்னா அதோட ரிட்டர்னையும் தனியா பாட்டில்ல விட்டு, செல்ஃப் அடிக்கும்போது பாருங்க. அந்த நேரத்துல அது நல்லா மூடியிருக்கணும். அங்க இருந்து டீசல் கொட்டினா இன்ஜெக்டர் மேல பழி போடாதீங்க. இதைப் பார்க்காம செட்டோட இன்ஜெக்டர் மாத்தின வண்டிக்காரங்க எங்க இன்ஜெக்டர் டெஸ்ட் பெஞ்சுக்கு நிறைய வந்திருக்காங்க, நல்ல இன்ஜெக்டர்களைக் கையில எடுத்துக்கிட்டு. பார்க்கவே மனசு கஷ்டமா இருக்கும்.

#11 மேட்டுப்பாதை

சென்சார் நம்பர் பார்த்தேன், பழையதும் புதுசும் ஒண்ணுதான். காலையில சாவி ஆன்ல 0 காட்டுச்சு.

கேஜ் மாட்டி ஓட்டினேன். ஐடில்ல 4.6 பார், முள் அசையாம நின்னது. சமதரையில 4.2. மேட்டுல மிதிச்சதும் 3.5, அப்புறம் கண்ணு முன்னாடியே இறங்கிக்கிட்டே வந்து 1.9. அந்த இடத்துல லைட். ஸ்கேனரைப் பார்த்துக்கிட்டு இருந்த தம்பி "ரெயில் இறங்குது"ன்னு சொல்றதுக்கு முன்னாடியே முள் இறங்க ஆரம்பிச்சது.

#12 நாசில்பெஞ்ச்

தம்பி சொல்றதுக்கு முன்னாடியே முள் இறங்குச்சுன்னு எழுதினீங்களே, அந்த வரிதான் முக்கியம். லோ பிரஷர் முதல்ல விழுது, ரெயில் பின்னாடி விழுது. ஹை பிரஷர் பம்ப் பட்டினி கிடக்குது. அதைக் கழற்ற வேண்டிய அவசியமே இல்ல.

இனி டேங்க் பக்கம். உள்ள இருக்கிற சல்லடை அடைச்சிருக்கலாம், லைன் எங்கியாவது நசுங்கியிருக்கலாம், எலக்ட்ரிக் பம்ப் சோர்ந்திருக்கலாம், இல்ல அந்தப் பம்புக்கு கரண்ட் சரியாப் போகாம இருக்கலாம். வயர்வேலை சார், கடைசியை நீங்க சொல்லுங்க.

#13 வயர்வேலை

டேங்கை இறக்கும் முன் கரண்டைப் பார்த்துவிடுவது நல்லது, வேலை குறைவு. பம்ப் கப்ளரைக் கழற்றி வைத்து வோல்ட் பார்த்தால் பயன் இல்லை. கரண்ட் ஓடாத வயரில் நைந்துபோன ஒரே இழை இருந்தாலும் மீட்டர் முழு வோல்ட்டைக் காட்டும். கப்ளர் மாட்டி, பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது பின்பக்கமாக ஊசி முனை விட்டுப் பார்க்க வேண்டும்.

மீட்டரின் ஒரு முனை பேட்டரி பிளஸ், மறுமுனை பம்பின் பிளஸ். மீட்டர் காட்டுவது வழியில் இழக்கும் வோல்ட் (இறக்கம்), அது 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதேபோல் பம்பின் மைனஸுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் பாருங்கள், அங்கே இன்னும் குறைவாக இருக்க வேண்டும். எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் ஃபியூஸ், ரிலே சாக்கெட், ஒவ்வொரு கப்ளராக முனையை நகர்த்திக்கொண்டே போங்கள். எந்த இரண்டு புள்ளிக்கு நடுவில் வோல்ட் தாவுகிறதோ அங்கேதான் குறை. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு செய்யுங்கள், குளிர்ந்திருக்கும்போது இது ஒளிந்துகொள்ளும்.

#14 செம்மண்காடு

பேக்ஹோ விஷயம். கண்ணாடி ஹோஸ் போட்டுப் பார்த்தோம், குமிழ் இல்ல. வயர்வேலை சார் சொன்னபடி கிராஃப் எடுத்தோம், கரண்ட் போயிக்கிட்டே இருக்க பிரஷர் தாவித் தாவித்தான் மாறுது. இன்ஜினை நிறுத்தி வால்வைக் கழற்றினோம். வால்வு வாய்ல இருக்கிற சின்ன வலையில வெள்ளி மாதிரி மினுமினுன்னு தூள். விரல்ல எடுத்து வெயில்ல காட்டினா ஜொலிக்குது. காந்தத்துல ஒட்டுது. வால்வு மட்டும் புதுசு போட்டா போதுமா?

#15 நாசில்பெஞ்ச்

போதாது சார். கேட்கக் கஷ்டமா இருக்கும், ஆனா அது பம்போட உள் பாகங்கள் தேஞ்சு வர்ற இரும்புத் தூள். உங்க விஷயத்துல பம்ப்தான் போயிருக்கு. தண்ணி கலந்த டீசலோ, பெட்ரோல் கலந்த டீசலோ ஓடியிருந்தா இப்படி ஆகும். இந்தப் பம்புக்கு டீசல்தான் எண்ணெய், வேற மசகு கிடையாது.

தூள் வால்வோட நிக்காது. ரெயிலுக்குள்ள, இன்ஜெக்டருக்குள்ள, ரிட்டர்ன் வழியா டேங்க்கு வரைக்கும் போயிருக்கும். உள்ள இருக்கிற இடைவெளி எல்லாம் மைக்ரான் கணக்கு. பம்பை மட்டும் மாத்தினா டேங்க்ல உள்ள தூள் திரும்பி வந்து புதுப் பம்பையும் தின்னுடும். பம்ப், ரெயில், ஹை பிரஷர் பைப் மாத்தி, இன்ஜெக்டரை பெஞ்ச்ல பிரிச்சுப் பார்த்து, டேங்க்கையும் லோ பிரஷர் லைனையும் கழுவி, புது ஃபில்டர் போடணும். ஃபில்டரை மாட்டும்போது கேன்ல இருந்து டீசலை உள்ள ஊத்தாதீங்க, வடிகட்டாத டீசல் நேரா பம்புக்குப் போகும். கை பம்பாலயோ எலக்ட்ரிக் பம்பாலயோ காத்து எடுங்க. தயவுசெஞ்சு இதுவரைக்கும் ஓட்டினது போதும், இனி ஸ்டார்ட் பண்ணாதீங்க. ஒவ்வொரு ஸ்டார்ட்டும் தூளை இன்னும் உள்ள தள்ளும்.

#16 மேட்டுப்பாதை

கிடைச்சிடுச்சு! பம்ப் ஓடும்போது பிளஸ் பக்கம் 2.8 வோல்ட் இறக்கம். மைனஸ் பக்கம் 0.1தான். ஃபியூஸ் சரி, ரிலே சாக்கெட் சரி. டேங்க் மேல இருக்கிற கப்ளர்ல முனையை நகர்த்தினப்போ மொத்த வோல்ட்டும் அங்கதான் தாவுச்சு. பிரிச்சுப் பார்த்தா ஒரு பின் பழுப்பா வெந்துபோய், சுத்தி இருக்கிற பிளாஸ்டிக் உருகிக் கொஞ்சம் உள்வாங்கியிருக்கு. மேல இருந்து பார்த்தா எதுவுமே தெரியாது. புது டெர்மினலும் கப்ளரும் போட்டு கிரிம்ப் பண்ணோம். இப்போ இறக்கம் 0.3.

அதே லோடோட அதே மேடு. லோ பிரஷர் கேஜ் 4க்குக் கீழ வரவே இல்ல. கேட்டது 1450, வந்தது 1440ல இருந்து 1455. வால்வு கரண்ட் 480க்கு இறங்காம 700க்குப் பக்கத்துலயே நின்னது. லைட் எரியல. இன்ஜின் இழுக்கிற இழுவையைப் பார்த்து தம்பி சிரிச்சுட்டான். எல்லாருக்கும் மனசார நன்றி.

ஒரே ஒரு சந்தேகம். ரெயில் சென்சார் புதுசு போட்டதுக்கு ஸ்கேனர்ல ஏதாவது செட்டிங் பண்ணணுமா? பழைய கோட் அழிச்சா போதுமா?

#17 நாசில்பெஞ்ச்

ரொம்ப சந்தோஷம். சில வண்டியில சென்சார், மீட்டரிங் வால்வு, பம்ப் இதுல எதை மாத்தினாலும் இசியூ கத்து வச்சிருக்கிற பழைய அளவை ஸ்கேனர்ல அழிச்சு லேர்னிங் புதுசா ஓடவிடணும். உங்க மேனுவல்ல அந்த இன்ஜினுக்கு உண்டான்னு பாருங்க. இருந்தா செஞ்சிடுங்க. இத்தனை நாளா குறைஞ்ச சப்ளையில ஓடியிருக்கு, இசியூ அதுக்குத் தகுந்த மாதிரி தன்னைத் திருத்தி வச்சிருக்கும். செஞ்ச பிறகு ஐடில்ல வால்வு கரண்ட் எவ்வளவுன்னு குறிச்சு வச்சுக்கோங்க. நல்லா இருக்கிற வண்டியோட எண் கையில இருந்தா அடுத்த தடவை தேடுறது பாதி வேலைதான்.

செம்மண்காடு சார், டேங்க் கழுவும்போது ரிட்டர்ன் லைனையும் கூலர் இருந்தா அதையும் விட்டுடாதீங்க. தூள் அங்கதான் தங்கும்.